சேலம் மாடர்ன் தியேட்டர்ஸ் டி.ஆர். சுந்தரம்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

அஸ்தம்பட்டியிலிருந்து ஏற்காடு போகிற சாலையில் ஒரு பழைய முகப்பு வளைவு நிற்கிறது. மாடர்ன் தியேட்டர்ஸ் என்ற பழைய சினிமா ஸ்டுடியோவில் மிச்சம் இருப்பது அதுதான். அதைக் கடந்து மலையேறுகிற வெளியூர்க்காரர்கள், நாடகம் போடுகிற கல்லூரிப் பிள்ளைகள், குறும்படம் எடுக்கத் துடிக்கிற இளைஞர்கள் என்று பலரும் கேட்கிற கேள்விகளை இங்கே ஒன்றாகச் சேர்த்திருக்கிறேன். பதில்களில் என் அபிப்பிராயமும் கலந்திருக்கும். ஒத்துக்கொள்ளாதவர்கள் தாராளமாக மறுக்கலாம்.

டி.ஆர். சுந்தரம் யார்? சுருக்கமாகச் சொல்லுங்கள்.

திருச்செங்கோடு ராமலிங்கம் சுந்தரம். 1907-இல் திருச்செங்கோட்டில் பிறந்தவர். இன்று அந்த ஊர் நாமக்கல் மாவட்டம். அன்றைக்கு அது சேலம் ஜில்லா. வசதியான குடும்பம். இங்கிலாந்தில் லீட்ஸ் நகரத்துக்குப் போய் ஜவுளித் தொழில்நுட்பம் படித்தார். அங்கே ஓர் ஆங்கிலேயப் பெண்ணை மணந்துகொண்டு ஊர் திரும்பினார். மில் நடத்தியிருக்க வேண்டியவர் சினிமா எடுக்க வந்தார். 1935-இல் சேலத்தில் மாடர்ன் தியேட்டர்ஸைத் தொடங்கினார். 1963-இல் இறக்கும்வரை தயாரிப்பாளர், இயக்குநர், ஸ்டுடியோ முதலாளி, சமயத்தில் நடிகர் என்று எல்லாமாகவும் இருந்தார். அவர் தொடங்கிய நிறுவனம் நூற்றுக்கும் மேற்பட்ட படங்களை எடுத்தது.

அவர் நாடகக்காரரா, சினிமாக்காரரா?

சொந்தமாக நாடக சபா நடத்தியவர் இல்லை. பம்மல் சம்பந்த முதலியார் மாதிரியோ நவாப் ராஜமாணிக்கம் மாதிரியோ மேடையில் வளர்ந்தவரும் இல்லை. ஆனாலும் தமிழ் நாடக மேடையைப் பற்றிப் பேசும்போது அவர் பெயரைத் தாண்டிப் போக முடியாது. ஏனென்றால் பாய்ஸ் கம்பெனி என்ற அமைப்பு தமிழ்நாட்டில் மெல்ல மெல்ல ஓய்ந்துகொண்டிருந்த காலத்தில், அந்த அமைப்பை அப்படியே ஒரு ஸ்டுடியோவுக்குள் கொண்டுவந்து வைத்தவர் அவர்தான்.

பாய்ஸ் கம்பெனி எப்படி நடந்தது என்று நினைத்துப் பாருங்கள். சிறுவர்களைச் சேர்த்து ஒரே இடத்தில் தங்க வைப்பார்கள். சோறு கம்பெனியுடையது. காலையில் பாட்டு, வசனம், ஒத்திகை. தப்புச் செய்தால் வாத்தியார் பிரம்பெடுப்பார். ராஜபார்ட்டுக்கு ஒருவன், ஸ்திரீபார்ட்டுக்கு ஒருவன், பபூனுக்கு ஒருவன் என்று ஆள் பிரித்திருப்பார்கள். ஒரு நாடகம் முடிந்தால் அடுத்தது தயாராக இருக்கும். சங்கரதாஸ் சுவாமிகள் வார்த்தெடுத்த முறை இது.

சுந்தரம் செய்ததும் கிட்டத்தட்ட இதுவேதான். நடிகர், பாடலாசிரியர், இசையமைப்பாளர், கதை இலாகா, ஒளிப்பதிவு, லேப் என்று எல்லோரும் ஒரே வளாகத்தில், மாதச் சம்பளத்தில். ஒரு படம் முடிவதற்குள் அடுத்ததற்குச் செட் எழும்பும். பிரம்பு மட்டும் இல்லை. அதற்குப் பதில் மில் கடிகாரம் இருந்தது.

சேலத்தில் ஏன் ஸ்டுடியோ? சென்னையில் வைத்திருக்கலாமே?

1931-இல் தமிழ் பேசும் படம் வந்துவிட்டாலும், அடுத்த சில ஆண்டுகள் படம் எடுக்க பம்பாய்க்கோ கல்கத்தாவுக்கோ போக வேண்டியிருந்தது. ஒரு நாடகக் குழுவையே ரயிலேற்றிக் கூட்டிக்கொண்டு போய், அங்கே சாப்பாடு ஒத்துக்கொள்ளாமல், பாஷை தெரியாத டைரக்டரிடம் நடித்துவிட்டு வருவார்கள். சேலத்தில் அப்போது எஸ்.எஸ். வேலாயுதம் பிள்ளை ‘ஏஞ்சல் ஃபிலிம்ஸ்’ என்ற கம்பெனி நடத்தினார். ‘திரௌபதி வஸ்திராபகரணம்’ (1934), ‘துருவா’, ‘நல்லதங்காள்’ (இரண்டும் 1935) ஆகியவை அந்தக் கம்பெனியின் படங்கள். சுந்தரம் சினிமாவுக்குள் வந்தது அங்கே கூட்டுச் சேர்ந்துதான். வடக்கே போய்ப் படம் எடுப்பதில் எவ்வளவு பணமும் நாளும் வீணாகிறது என்று அவருக்குக் கணக்குத் தெரிந்துவிட்டது. ஜவுளி படித்தவருக்கு அந்தக் கணக்கு ரொம்பச் சுலபம்: நூலும் தறியும் சாயப்பட்டறையும் ஓரிடத்தில் இருந்தால்தான் துணி மலிவாக வரும்.

சென்னையைப் பற்றிய கேள்வியில் இன்றைய கண்ணோட்டம் இருக்கிறது. அன்றைக்குச் சென்னைதான் சினிமாவின் தலைநகரம் என்று யாரும் முடிவு செய்திருக்கவில்லை. கோயம்புத்தூரில் சென்ட்ரல் ஸ்டுடியோ இருந்தது. சேலம் ரயில் ஜங்ஷன், நிலம் மலிவு, சேர்வராயன் மலை ஸ்டுடியோவுக்கு முதுகுப்பக்கமே நின்றது. காடு, பாறை, ஓடை எல்லாம் செட் போடாமலே கிடைக்கும். முக்கியமாக, அது அவருடைய சொந்தச் சீமை.

முதல் படம் எது?

‘சதி அகல்யா’, 1937. இலங்கையிலிருந்து வந்த தவமணி தேவி நாயகி. புராணக் கதைதான், ஆனால் அந்த அம்மாள் நாயகியாக வந்த கோலம் அந்தக் காலத்துக்குப் பெரிய பேச்சாகிவிட்டது. விளம்பரம் என்றால் என்னவென்று சுந்தரத்துக்கு முதல் படத்திலேயே தெரிந்திருந்தது.

மேடையிலிருந்து யார் யார் வந்தார்கள்?

பட்டியல் போட்டால் பாதித் தமிழ் சினிமா வந்துவிடும். சிலரை மட்டும் சொல்கிறேன்.

பி.யு. சின்னப்பா. புதுக்கோட்டைக்காரர், மதுரை ஒரிஜினல் பாய்ஸ் கம்பெனியில் ராஜபார்ட். பாடுவார், கத்திச்சண்டை, சிலம்பம் தெரியும். அவருடைய உச்சப் படங்களில் இரண்டு சேலத்தில் எடுத்தவை.

காளி என். ரத்னம். இவரைப் பற்றி இன்னும் கொஞ்சம் பேச வேண்டும். ரசிகர்கள் இவரை சி.டி. ராஜகாந்தத்தோடு சேர்ந்து வந்த நகைச்சுவை நடிகராகத்தான் நினைவில் வைத்திருக்கிறார்கள். ஆனால் அதற்கு முன்பே அவர் பாய்ஸ் கம்பெனி வாத்தியார். சிறுவனாக இருந்த எம்.ஜி.ஆருக்கு நடிப்புச் சொல்லிக்கொடுத்தவர்களில் ஒருவர். அப்படிப்பட்ட ஒருவர் ஸ்டுடியோவுக்குள் இருந்தால் என்ன நடக்கும்? செட்டில் விளக்கு பொருத்திக்கொண்டிருக்கும்போதே ஒரு மூலையில் வசனப் பாடம் நடக்கும். கேமராவுக்கு முன்னால் வந்து நிற்கும்போது நடிகர் தயாராக இருப்பார். ஃபிலிம் சுருள் விலை உயர்ந்த காலத்தில் இது சாதாரண லாபமில்லை.

எம்.என். நம்பியார் நவாப் ராஜமாணிக்கத்தின் கம்பெனியில் வளர்ந்தவர். அந்தக் கம்பெனி மேடையில் வெற்றிகரமாக நடத்திய ‘திகம்பர சாமியார்’ நாடகத்தைத்தான், வடுவூர் துரைசாமி ஐயங்கார் எழுதிய துப்பறியும் நாவலிலிருந்து வந்ததை, மாடர்ன் தியேட்டர்ஸ் 1950-இல் படமாக்கியது. நம்பியார் அதில் பத்துக்கும் மேற்பட்ட வேடங்கள் போட்டார். வில்லன் என்றே அறியப்பட்டவர் எப்பேர்ப்பட்ட மேடைக் கலைஞர் என்று தெரிய வேண்டுமானால் அந்தப் படம் பார்க்க வேண்டும்.

எம்.ஆர். ராதாவின் ஆரம்பகாலப் படமான ‘சந்தனத் தேவன்’ (1939) இங்கே எடுத்ததுதான். மனோரமா நாடகத்தில் பெயர் வாங்கி, சின்னச் சின்ன வேடங்கள் செய்து, முதன்முதலில் கதாநாயகியானது இந்தக் கம்பெனியின் ‘கொஞ்சும் குமரி’யில் (1963).

நாடகத்தை அப்படியே படம் பிடித்தார்களா?

ஆரம்ப காலத் தமிழ்ப் படங்கள் பல அப்படித்தான். கேமராவை முன்வரிசை நாற்காலியில் உட்கார வைத்த மாதிரி இருக்கும். நடிகர் பக்கவாட்டிலிருந்து வருவார், நடுவில் நிற்பார், பாடுவார், போவார். சுந்தரத்தின் படங்களிலும் இந்த வாடை இல்லாமல் இல்லை. ஆனால் எதை வைத்துக்கொள்வது, எதை விடுவது என்பதில் அவருக்கு ஒரு தெளிவு இருந்தது.

‘மனோன்மணி’யை (1942) எடுத்துக்கொள்ளுங்கள். பெ. சுந்தரம் பிள்ளை 1891-இல் வெளியிட்ட ‘மனோன்மணீயம்’ படிப்பதற்கான கவிதை நாடகம். தமிழ்த்தாய் வாழ்த்து அதன் பாயிரத்திலிருந்து எடுத்தது என்பதால் இன்று பள்ளிப் பிள்ளைக்கும் அதன் பெயர் தெரியும். ஆனால் அகவற்பாவில் பக்கம் பக்கமாக ஓடுகிற அந்த உரையாடலைக் கொட்டகையில் யார் உட்கார்ந்து கேட்பார்கள்? சின்னப்பாவையும் டி.ஆர். ராஜகுமாரியையும் போட்டு, பிரம்மாண்டமான செட்டுகளும் பாட்டுகளுமாக அதை ஒரு ராஜா கதையாக்கிவிட்டார். தமிழ்ப் பேராசிரியர்களுக்குக் கசந்திருக்கலாம். எனக்கு அதில் குறை தெரியவில்லை. நாடகத்தின் எலும்புக்கூடாகிய சூழ்ச்சியும் கனவுக் காதலும் அப்படியே இருந்தன. போனது செய்யுள் மட்டும்.

இன்னொரு நுட்பமான மாற்றம் குரல். சின்னப்பா காலத்தில் நடிகரே பாட வேண்டும். மேடையில் மைக் இல்லாமல் கடைசி வரிசை வரை கேட்கும்படி பாடிப் பழகிய தொண்டை அது. 1950-க்கு வரும்போது பின்னணிக் குரல் வந்துவிட்டது. பாடத் தெரியாதவரும் நடிக்கலாம் என்றானபோது, மேடையில் வசனத்தால் பெயர் வாங்கியவர்களுக்கு வாசல் திறந்தது. பாட்டுக்காரர்கள் ஆண்ட இடத்தைப் பேச்சுக்காரர்கள் பிடித்தார்கள். அந்த மாற்றம் நடந்த இடங்களில் சேலமும் ஒன்று.

‘உத்தமபுத்திரன்’ படத்தில் ஒரே ஆள் இரண்டு வேடத்தில் எப்படி வந்தார்? அப்போது கம்ப்யூட்டர் கிடையாதே?

1940-இல் வந்த படத்தைத்தானே கேட்கிறீர்கள்? சின்னப்பா நடித்தது, சுந்தரம் இயக்கியது. தமிழில் முதல் இரட்டை வேடப் படம் என்று அதைத்தான் சொல்கிறோம். இரும்பு முகமூடி மாட்டிச் சிறையில் அடைத்த இளவரசனைப் பற்றிய பிரெஞ்சுக் கதையின் தழுவல்.

அந்தக் காலத்து முறை இதுதான். கேமரா லென்ஸின் பாதியைக் கறுப்பு அட்டையால் மறைத்துவிட்டு, ஒரு வேடத்தில் நடிகரை மறுபாதிக்குள் நடிக்க வைத்து எடுப்பார்கள். அப்போது மறைத்த பாதியில் ஃபிலிமில் எதுவும் பதியாது. பிறகு அதே ஃபிலிமைக் கேமராவுக்குள்ளேயே பின்னோக்கிச் சுற்றி, அட்டையை மறுபக்கம் மாற்றி, நடிகர் வேடம் மாற்றி வந்து மீதிப் பாதியில் நடிப்பார். நடுவில் கேமரா ஒரு மயிரிழை அசைந்தாலும் இரண்டு பாதிக்கும் நடுவில் கோடு விழும். நடிகர் அந்தக் கோட்டைத் தாண்டிக் கை நீட்டினால் கை அறுந்து போகும். எதிரே ஆளே இல்லாமல், இருக்கிற மாதிரி பார்வையைச் சரியான உயரத்தில் வைத்துப் பேச வேண்டும்; எதிராளி பேசுவதற்கு வேண்டிய நேரமும் விட வேண்டும்.

அதனால்தான் இதற்கு மேடைக்காரர் தேவைப்பட்டார். எத்தனை விநாடி, எத்தனை அடி என்று ஒத்திகையில் மனப்பாடம் செய்து, அதே அளவில் திரும்பத் திரும்பச் செய்யப் பழகியவர்.

‘மந்திரி குமாரி’ யாருடைய படம்? டங்கனா, சுந்தரமா?

சண்டை வரக்கூடிய கேள்வி. டைட்டிலில் எல்லிஸ் ஆர். டங்கன், டி.ஆர். சுந்தரம் என்று இருவர் பெயரும் வரும். டங்கன் அமெரிக்கர்; 1935-இல் இந்தியா வந்து, தமிழ் தெரியாமலேயே தமிழ்ப் படங்களை எடுத்துப் பெயர் வாங்கியவர். மாடர்ன் தியேட்டர்ஸுக்காக பாரதிதாசனின் ‘எதிர்பாராத முத்தம்’ காவியத்தை ‘பொன்முடி’ என்று எடுத்தார். அடுத்தது ‘மந்திரி குமாரி’. இரண்டும் 1950-இல் வெளிவந்தவை. ‘மந்திரி குமாரி’ முடிவதற்குள் டங்கன் அமெரிக்கா திரும்ப, மீதியைச் சுந்தரம் முடித்தார்.

என்னைக் கேட்டால் இது கருணாநிதியின் நாடகம், டங்கனின் கேமரா, சுந்தரத்தின் துணிச்சல் என்பேன்.

கதை முதலில் மேடையில் நடந்தது. அதன் வித்து குண்டலகேசி. ஐம்பெருங்காப்பியங்களில் ஒன்று; நாதகுத்தனார் எழுதியதில் சில பாடல்களே மிஞ்சியிருக்கின்றன. தன்னைக் கொல்ல மலையுச்சிக்கு அழைத்துப் போன கணவனை மனைவி தள்ளிவிடுகிற கதை. அதை ஓர் அரசவைச் சூழ்ச்சிக்குள் வைத்தார் கருணாநிதி. ராஜகுருவாக நம்பியார், பகலில் குருவின் பிள்ளையாகவும் இரவில் கொள்ளைக்காரனாகவும் எஸ்.ஏ. நடராஜன், தளபதியாக எம்.ஜி.ஆர்., மந்திரி மகளாக மாதுரி தேவி.

அந்த மலைக்காட்சியை நிறுத்தி நிறுத்திப் பார்த்தால் மேடையும் திரையும் எப்படிக் கைகோத்தன என்று புரியும். கொள்ளைக்காரனும் அவனை மணந்த மந்திரி மகளும் மலையேறுகிறார்கள். பின்னணியில் திருச்சி லோகநாதன், ஜிக்கி குரலில் ‘வாராய் நீ வாராய்’. இசை ஜி. ராமநாதன். பாட்டு முழுக்கக் காதல் குரலில் போகிறது. ஆனால் அவன் எதற்குக் கூட்டிப் போகிறான் என்று நமக்குத் தெரியும். மேடையில் இதைக் காட்ட முடியாது. படுதாவில் எழுதிய மலைக்கு முன்னால் இரண்டு பேர் நின்று பாட வேண்டியதுதான். திரையில் ஒவ்வொரு அடி ஏற ஏற நமக்கு வயிற்றைக் கலக்குகிறது. பாட்டு முடிந்ததும் திரும்ப மேடை வந்துவிடுகிறது: உச்சியில் இருவரும் நின்று பேசுகிறார்கள். சாகும் முன் கணவனை மூன்று முறை வலம் வர வேண்டும் என்று கேட்கிறாள். ஒன்று, இரண்டு... பாய்ஸ் கம்பெனி வாத்தியார் எண்ணுகிற மாதிரியே எண்ணி, மூன்றில் தள்ளுகிறாள்.

துணிச்சல் என்று சொன்னது எதற்கு என்றால், எம்.ஜி.ஆர். இருக்கிற படத்தில் தலைப்பும் உச்சக்காட்சியும் ஒரு பெண்ணுக்குப் போகின்றன. வில்லனை முடிப்பது அவள்தான். 1950-இல் பணம் போட்ட முதலாளி அதை மாற்றச் சொல்லவில்லை. ஏற்காடு போகிற வழியில் பாறை விளிம்பைக் காட்டி “இங்கேதான் எடுத்தார்கள்” என்று நம்ம ஊர்க்காரர்கள் இன்றும் சொல்வார்கள். வண்டிக்கு வண்டி பாறை மாறும் என்பது வேறு விஷயம்.

அவரே நடித்திருக்கிறாரா?

நடித்திருக்கிறார். ‘பர்மா ராணி’யில் (1945) ஜப்பானிய ராணுவ அதிகாரி. ‘சுலோசனா’வில் (1946) இந்திரஜித்.

‘பர்மா ராணி’க்குப் பின்னால் ஒரு காரணம் உண்டு. இரண்டாம் உலகப் போரின்போது கச்சா ஃபிலிம் ரேஷனில்தான் கிடைத்தது. படத்தின் நீளம் 11,000 அடிக்கு மேல் போகக் கூடாது என்று அரசு கட்டுப்பாடு போட்டது; ஓட்டினால் இரண்டு மணி நேரம் சொச்சம். விடிய விடிய நாடகம் பார்த்துப் பழகிய ஜனங்களுக்கு இது புதுப் பழக்கம். யுத்த முயற்சிக்கு ஆதரவாகப் படம் எடுக்கவும் தயாரிப்பாளர்களை வற்புறுத்தினார்கள். மற்றவர்கள் ஏதோ கடமைக்கு எடுத்தபோது, சுந்தரம் ஜப்பானியர் வசமிருந்த பர்மாவில் நடக்கிற ஒரு உளவுக் கதையை விறுவிறுப்பாக எடுத்து, வில்லன் வேடத்தைத் தானே போட்டுக்கொண்டார். என்.எஸ். கிருஷ்ணன், டி.ஏ. மதுரம், டி.எஸ். பாலையா என்று நாடகப் பட்டாளமே அதில் உண்டு.

மலையாள சினிமாவுக்கும் சேலத்துக்கும் என்ன சம்பந்தம்?

மலையாளத்தின் முதல் பேசும் படம் ‘பாலன்’ (1938) மாடர்ன் தியேட்டர்ஸ் தயாரிப்பு. இயக்கியவர் எஸ். நொட்டானி. மலையாளத்தின் முதல் முழுநீள வண்ணப் படம் ‘கண்டம் பெச்ச கோட்டு’ (1961). அதுவும் மாடர்ன் தியேட்டர்ஸ், சுந்தரமே இயக்கினார். இரண்டாவதைப் பற்றி ஒரு வார்த்தை: அது மலபார் முஸ்லிம் வாழ்க்கையைச் சொல்லும் ஒரு மேடை நாடகம். முகம்மது யூசுப் எழுதியது, படத்துக்காக கே.டி. முகம்மது திரைக்கதை வசனம் எழுதினார். ஒட்டுப்போட்ட கோட்டு அணிந்த ஏழைச் செருப்புத் தைப்பவர்தான் நாயகர். வண்ணத்தில் முதல் படம் எடுக்கிறவர்கள் ராஜா, ராணி, ரத்தினக் கிரீடம் என்றுதான் போவார்கள். இவர் கந்தல் கோட்டை வண்ணத்தில் எடுத்திருக்கிறார். சேலத்துக்காரன் என்ற முறையில் எனக்கு இதில் கொஞ்சம் பெருமை உண்டு.

ஹாலிவுட் படம்கூட எடுத்தாராமே?

ஆமாம். ‘தி ஜங்கிள்’ (1952), அமெரிக்காவின் லிப்பர்ட் நிறுவனத்தோடு கூட்டு. ராட் கேமரன், சீசர் ரொமேரோ நடித்தார்கள். தமிழில் ‘காடு’. யானைகளுக்கு முடி ஒட்டி ஆதிகால மாமூத் ஆக்கியிருப்பார்கள். படமாகப் பெரிதாக ஒன்றும் இல்லை.

‘அலிபாபாவும் 40 திருடர்களும்’தான் முதல் வண்ணப் படமா?

தமிழில் முதல் முழுநீள வண்ணப் படம் அதுதான். 1956 பொங்கலுக்கு வந்தது. கேவா கலர் என்ற வண்ண ஃபிலிமில் எடுத்தது. எம்.ஜி.ஆர்., பானுமதி, பி.எஸ். வீரப்பா, தங்கவேலு, இசை எஸ். தட்சிணாமூர்த்தி. வண்ண ஃபிலிமுக்குக் கறுப்பு வெள்ளையைவிட அதிக வெளிச்சம் வேண்டும். ஆகவே செட்டில் விளக்கு அதிகம், சூடு அதிகம், மேக்கப் கரையும், துணிகளின் நிறத்தைத் திரும்பத் திரும்பச் சோதிக்க வேண்டும். சாயம் படித்தவர் முதலில் இதில் இறங்கியது தற்செயலாக எனக்குப் படவில்லை.

எழுத்தாளர்கள் சேலத்தில் வந்து தங்கியிருந்தார்களா?

இருந்தார்கள். கருணாநிதி இங்கே இருந்து எழுதினார். ‘மந்திரி குமாரி’க்குப் பிறகு சிவாஜியை எதிர்மறை நாயகனாக்கிய ‘திரும்பிப் பார்’ (1953) அவருடைய வசனம், சுந்தரத்தின் இயக்கம். கண்ணதாசன் மாடர்ன் தியேட்டர்ஸ் நடத்திய ‘சண்டமாருதம்’ பத்திரிகையில் வேலை செய்தார். பிறகு ‘இல்லற ஜோதி’க்கு (1954) எழுதினார். அந்தப் படத்துக்குள்ளேயே ஒரு சலீம்-அனார்கலி நாடகம் வரும். அதில் சிவாஜி சலீம். சினிமாவுக்குள் மேடையைக் கட்டி, கேமராவை அதன் முன்னால் வைத்திருக்கிறார்கள். மருதகாசியின் முதல் திரைப்பாட்டு ‘மாயாவதி’ (1949), அதுவும் இங்கேதான். கா.மு. ஷெரீப்பும் ஜி. ராமநாதனும் கம்பெனி ஆட்களாகவே இருந்தார்கள்.

இத்தனை முதலமைச்சர்கள் வேலை பார்த்த இடம் என்கிறார்களே, எத்தனை பேர்?

ஆளுக்கு ஆள் எண்ணிக்கை ஏறும். மூன்று பேர் நிச்சயம்: மு. கருணாநிதி, எம்.ஜி.ஆர்., ‘ஆயிரம் தலைவாங்கி அபூர்வ சிந்தாமணி’யில் (1947) நாயகியாக நடித்த வி.என். ஜானகி. மூன்றே போதும்.

அவர் ரொம்பக் கண்டிப்பானவர் என்று சொல்லும் கதைகள் உண்மையா?

நேரம் தவறினால் பிடிக்காது, பெரிய நடிகர் சின்ன நடிகர் பார்க்க மாட்டார், சொன்ன தேதியில் படம் வெளியாகும். இந்த மூன்றிலும் எல்லோருடைய நினைவுகளும் ஒத்துப்போகின்றன. மற்ற கதைகளைக் கேட்டு ரசித்துக்கொள்ளுங்கள்.

ஆனால் ஒன்றைச் சொல்ல வேண்டும். கண்டிப்பைப் புகழ்கிறவர்கள் அதன் மறுபக்கத்தை மறந்துவிடுகிறார்கள். மாதம் பிறந்தால் சம்பளம் வரும் என்ற நம்பிக்கையைச் சுந்தரம் கொடுத்தார். நாடகக் கம்பெனிகள் பல, மழை பெய்து வசூல் போனால் நடு ஊரில் கலைந்துவிடும்; நடிகர்கள் திரும்பிப் போக டிக்கெட்டுக்குக் காசில்லாமல் நிற்பார்கள். அந்த வாழ்க்கையைப் பார்த்தவர்களுக்கு, கெடுபிடியான முதலாளியும் முதல் தேதிச் சம்பளமும் பெரிய பாரமாக இருந்திருக்காது. படம் இல்லாத மாதத்திலும் சமையலறையில் அடுப்பு எரியும் அல்லவா? இன்று நம்ம ஊரில் நாடகக் குழு வைத்திருப்பவர்கள் கண்டிப்பை மட்டும் எடுத்துக்கொண்டு சம்பளத்தை விட்டுவிடுகிறார்கள்.

1963-க்குப் பிறகு என்ன ஆனது?

மகன் ராமசுந்தரம் நடத்தினார். ஆர். சுந்தரம் என்ற பெயரில் இயக்கவும் செய்தார். ஜெய்சங்கரை வைத்துத் துப்பறியும் படங்கள் வரிசையாக வந்தன: ‘வல்லவன் ஒருவன்’ (1966), ‘சி.ஐ.டி. சங்கர்’ (1970), ‘கருந்தேள் கண்ணாயிரம்’ (1972). இவற்றைக் குறைத்துப் பேசுகிறவர்கள் உண்டு. எனக்கு அவை பிடிக்கும். சின்ன பட்ஜெட்டில், குறைந்த நாளில், அலுப்புத் தட்டாத படம் எடுப்பது தனிக் கலை.

ஆனால் காலம் மாறிவிட்டது. நட்சத்திரங்கள் மாதச் சம்பளத்துக்குக் கட்டுப்படுகிற நிலையில் இல்லை. படத்துக்கு இவ்வளவு, நாளுக்கு இத்தனை மணி நேரம் என்று பேசத் தொடங்கினார்கள். ஒரே நாளில் இரண்டு படத்தில் நடிக்கிற ஆள், ஓர் இரவு ரயிலேறி சேலம் வந்து எப்படித் தங்குவார்? கோடம்பாக்கத்தில் ஸ்டுடியோக்கள் தளத்தை வாடகைக்கு விட்டன. சொந்த ஸ்டுடியோ இல்லாதவரும் தயாரிப்பாளர் ஆகலாம் என்றானது. அதன்பின் எல்லாவற்றையும் தானே வைத்திருப்பது பலமாக இல்லாமல் சுமையாகிவிட்டது.

இப்போது போனால் என்ன பார்க்கலாம்?

முகப்பு வளைவு. உள்ளே குடியிருப்புகள். தளம், லேப், தோட்டம் எதுவும் இல்லை. வண்டியை ஓரமாக நிறுத்திவிட்டுப் படம் எடுத்துக்கொள்ளுங்கள். சாலையில் போக்குவரத்து அதிகம், குழந்தைகளைக் கையில் பிடித்துக்கொள்ளுங்கள்.

நாடகம் போடுகிறவன் இவருடைய எந்தப் படத்தை முதலில் பார்க்க வேண்டும்?

பலரும் ‘அலிபாபா’ என்பார்கள். நான் ‘மந்திரி குமாரி’ என்பேன். யூடியூபில் கிடைக்கிறது, பிரதி கொஞ்சம் மங்கல், ஒலி சில இடங்களில் கரகரக்கும். முதல் தடவை கதைக்காகப் பாருங்கள். இரண்டாம் தடவை சத்தத்தை அணைத்துவிட்டு, அரசவைக் காட்சிகளில் பேசாமல் நிற்கிறவர்களை மட்டும் கவனியுங்கள். வசனம் இல்லாத காவலாளிகூடச் சும்மா நிற்க மாட்டான். யார் பேசுகிறாரோ அவர் பக்கம் அரை விநாடி முன்னதாகவே தலை திரும்பும். அதை உங்கள் அடுத்த ஒத்திகையில் செய்ய வைத்துப் பாருங்கள்.

அதற்குப் பிறகு ‘திகம்பர சாமியார்’. நம்பியாருக்காக.